மூடி வைத்த தண்ணீர்

"போதும் பவன், அவ்வளவு தண்ணி வேணாம்."

குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்த பவனின் கைகள் அப்படியே நின்றன. பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் ராகினியைத் திரும்பிப் பார்த்தார்கள். பெஞ்சில் கிடத்தியிருந்த அவள் கணவர் ஹரிதாஸின் தலையிலிருந்து சீயக்காய் கலந்த நீர் வழிந்து, மூடிய கண்களைத் தாண்டி, லேசாகத் திறந்திருந்த வாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

காரியம் செய்ய வந்திருந்த பண்டாரம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "குளிப்பாட்டணும்மா. இன்னும் மூணு குடம் இருக்கு."

தான் சொன்னது அப்போதுதான் ராகினியின் காதிலேயே விழுந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹரிதாஸின் அக்கா கமலவேணி அவளை இழுத்துத் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

"இனிமே என் தம்பிக்கு அளவு கிடையாதும்மா. புள்ள ஊத்தட்டும்."

பவன் மறுபடி குடத்தைச் சாய்த்தான். ராகினி மகனைப் பார்க்கவில்லை. அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் அதில் நிறைந்தது; சற்று நேரம் நின்றது; பிறகு கடைவாய் ஓரமாக வழிந்துவிட்டது. அவர் விழுங்கவில்லை.

ஹரிதாஸ் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். சர்க்கரை வியாதி கிட்னியைத் தின்று முடித்த பிறகு வேனை விற்றுவிட்டார். திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள், புக்கிட் காத்தில் பகுதியின் கடைவரிசையில் இருந்த டயாலிசிஸ் சென்டரில் கையில் ஊசியோடு நான்கு மணி நேரம் படுத்திருப்பார். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் என்று அங்கிருந்த நர்ஸ் மிஸ்ஸி சொல்லி அனுப்பினாள். கோப்பி, ரசம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் சேர்த்து அரை லிட்டர். கூடினால் நெஞ்சில் போய் நின்று மூச்சை அடைக்கும்.

ராகினி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துக் கறுப்பு மார்க்கரால் நூறு நூறாகக் கோடு போட்டாள். காலையில் நிரப்பினால் அதுதான் அன்றைக்கு. அதற்கு மேல் அவர் கெஞ்சினாலும் இல்லை, திட்டினாலும் இல்லை. அவர் எதிரில் தானும் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டாள். தாகமெடுத்தால் பின்பக்கம் துணி துவைக்கும் இடத்துக்குப் போவாள். குழாயடியில் முதுகைத் திருப்பி நின்று, திருட்டுப் பூனை மாதிரி குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவாள்.

தண்ணீரை ஐஸாக்கினால் வாயில் அதிக நேரம் நிற்கும் என்ற யோசனையைச் சொன்னவன் மைக்கேல். சென்டரில் ஹரிதாஸுக்குப் பக்கத்துக் கட்டில்காரன்; உம்பாய் என்ற மீனவ ஊரில் வீடு. ஊசியைக் கழற்றிய பிறகு இருவரும் ஒன்றாக ராகினி வீட்டுக்கு நடந்து வருவார்கள். மைக்கேலின் மனைவி எலைன் ஃபேக்டரி வேலை முடிந்து காரோடு வரும்வரை, ஆளுக்கொரு கிண்ணத்தில் ஒரு ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருப்பார்கள். ஐஸ் தட்டின் ஒவ்வொரு குழியிலும் பாதிதான் ஊற்றுவாள் ராகினி.

வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் வரும் இரண்டு நாள்தான் எப்போதும் பாடு. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கே பாட்டிலில் மூன்று கோடு இறங்கிவிட்டது.

"ஒரு வாய் குடு ராகினி. ஒரே வாய்."

"இன்னும் ராத்திரி வரைக்கும் இருக்கு. மாத்திரைக்கு என்ன செய்வீங்க?"

"அப்ப ஒரு ஐஸாவது குடு."

"இப்பதான் ஊத்தி வெச்சேன். உறைய வேணாமா? பதினோரு மணிக்குத் தர்றேன்."

"நீ எனக்குப் பொண்டாட்டியா, ஜெயில் வார்டனா?"

"வாய மூடிட்டு உக்காருங்க. எனக்குத் துணி காயப் போடணும்."

அதுதான் கடைசி. பதினோரு மணிக்குத் தட்டை முறுக்கி, ஒரு கட்டியை எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, "இந்தாங்க, உங்க வார்டன் வந்துட்டா" என்று சொல்லிக்கொண்டே ஹாலுக்கு வந்தாள். நாற்காலியில் அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. தோளைத் தொட்டபோது தலை திரும்பவில்லை. கிண்ணம் எப்போது கீழே விழுந்ததோ, ஐஸ் எப்படிக் கைக்கு வந்ததோ தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தபோது மூடிய கைக்குள் அது உருகி, மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஓடியிருந்தது.

அடக்கம் முடிந்த அன்று சாயங்காலம் ஹாலில் படத்துக்கு முன் விளக்கேற்றிய கமலவேணி, "ஒரு கிளாஸ் தண்ணி கொண்டாம்மா" என்றாள். "போன உசுரு பதினாறு நாள் வீட்டத்தான் சுத்தும். தாகத்தோட வரும். தண்ணி இல்லாம வைக்கக் கூடாது."

தாகத்தோட. அந்த ஒரு சொல்லை ராகினி மனதுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

அவர் குடித்துவந்த கண்ணாடி கிளாஸையே நிரப்பி வைத்தாள். மறுநாள் காலை பார்த்தபோது தண்ணீர் அரை விரற்கடை இறங்கியிருந்தது. தன்னையறியாமல் மார்க்கரை எடுத்து அந்த இடத்தில் ஒரு கோடு போட்டாள். புதன்கிழமை கோட்டுக்குக் கீழே. வியாழக்கிழமை இன்னும் கீழே.

"பாத்தியா, வந்து குடிச்சிட்டுப் போறான் என் தம்பி" என்று கமலவேணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சுங்கை ஊடாங் எண்ணெய்க் கம்பெனியில் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பவன் பூட்ஸைக் கட்டியபடியே சொன்னான். "அத்தை, மேல ஃபேன் சுத்துது, பக்கத்துல விளக்கு எரியுது. தண்ணி காஞ்சிதான் போவும்லா."

"ஆமா, எண்ணெய்க் கம்பெனியில இதத்தான் படிச்சுக் குடுத்தாங்க உனக்கு. ஷூவப் போட்டுட்டு வீட்டுக்குள்ள நிக்காத."

இருவரில் யார் சொல்வது நிஜமாக இருந்தாலும் ராகினிக்குப் பயமாக இருந்தது. அவர் வருகிறார் என்றால், தாகத்தோடு வருகிறார். 'வாய மூடு' என்று அவள் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டே போனவராக வருகிறார். வரவில்லை என்றால், அந்த ஒரு வாய்த் தண்ணீரை இனி எந்தக் காலத்திலும் கொடுக்க முடியாது. சாமியிடம் கேட்கலாம் என்றால், தீட்டு என்று சாமி மேடைக்குத் திரை போட்டாயிற்று. திரைக்குப் பின்னால் முருகன் இருக்கிறார் என்று தெரிந்தும் கைகூப்ப முடியாத வீட்டில் அவள் பட்டப்பகலில் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

நாற்காலியைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். குழாயடிக்குப் போய்த் தண்ணீரைக் கையில் ஏந்தினால், பிடரியை யாரோ பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. ஏந்திய தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்துவிடுவாள். இரண்டே நாளில் உதடு வெடித்தது. ஐஸ் பெட்டியின் மேல் கதவை மட்டும் அவள் திறக்கவே இல்லை. அந்தத் தட்டு உள்ளே இருந்தது. பன்னிரண்டு குழி, பதினோரு கட்டி.

சனிக்கிழமை மாலை கமலவேணி குளிக்கப் போன நேரத்தில் அவள் அதைச் செய்தாள். கிளாஸில் தண்ணீரை நிரப்பி, கோடு போட்டு, மேலே ஒரு தேநீர்ச் சாஸரைக் கவிழ்த்து மூடினாள். காய்ந்து போவதென்றால் மூடியிருந்தால் காயாது. ஒருவேளை வருகிறவர் வந்தால் அவருக்கு மூடி என்ன தடை. தெரிந்துகொண்டால் போதும், எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாஸரைத் தூக்கிப் பார்த்தாள். தண்ணீர் கோட்டிலேயே நின்றது. சாஸரின் அடியில் பொட்டுப் பொட்டாகத் துளிகள்.

நிம்மதி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று மெல்ல விளங்கியது. அவர் வந்திருந்து, மூடியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தால்? உயிரோடு இருந்தபோது அளந்து கொடுத்தவள், செத்த பிறகு மூடியே வைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தால்?

சாஸரை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

அன்றுதான் எட்டாம் நாள் படையல். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்து, வீட்டைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே போய் நிற்பார்கள். போனவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். கமலவேணி ஒரு படி மேலே போய், இலைக்கு முன்னால் தரையில் அரிசி மாவையும் தூவினாள். வந்தால் கால் தடம் தெரியும் என்பது அவள் ரப்பர் தோட்டத்தில் பார்த்த வழக்கம்.

"நாலு வருஷமா அவன் தொடாத சாமான் எல்லாத்தையும் வைக்கிறோம். இப்ப எந்த டாக்டர் வந்து கேக்குறான்னு பாப்போம்."

இளநீர், வாழைப்பழம், நண்டுக் குழம்பு, தக்காளிச் சம்பால், பெரிய மங்கு நிறைய கோப்பி. ஒவ்வொன்றும் இலைக்குப் போகப் போக ராகினியின் கை தடுக்க எழுந்து இறங்கியது. கிட்னி போனவருக்கு இளநீர் இருதயத்தை நிறுத்திவிடும். வாழைப்பழமும் அப்படித்தான். 'அது வேணாம் அண்ணி, அது அவருக்கு ஆகாது' என்று ஐந்தாறு முறை நாக்கு நுனி வரை வந்தது.

ஐந்து மணிக்கு மைக்கேல் வந்தான். ஊசி குத்தித் தழும்பேறிய இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, வலது கையில் ஒரு மீன்குழம்பு டப்பாவை நீட்டினான்.

"எலைன் குடுத்து விட்டா அக்கா. அசாம் பெடாஸ். உம்பாய் மீனுன்னா அண்ணன் உயிர விடுவாரே..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ராகினிக்கு எட்டு நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "உள்ள வாங்க மைக்கேல்."

அடுப்படியில் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவன் உட்கார்ந்து ஹால் பக்கம் பார்த்தான். படத்தைப் பார்த்தான், இலையைப் பார்த்தான்.

"அந்த இலையில நான் தொடக்கூடிய சாமான் ஒண்ணுகூட இல்ல."

"உங்களுக்குத் தனியா கோபிஸ் பெரட்டி வெச்சிருக்கேன்" என்று முட்டைக்கோஸ் சட்டியைக் காட்டினாள்.

அவன் தலையாட்டினான். பிறகு உட்கார்ந்த இடத்திலேயே உடம்பைக் குறுக்கிக்கொண்டான். "அன்னிக்கி திங்கக்கிழம, அடக்கத்துக்கு என்னால வர முடியல. ஊசி போடாம இருக்க முடியாதில்ல. இந்தப் பக்கம் அண்ணன் கட்டிலு காலியா கிடக்குது. புதன்கிழமையே வேற ஆளு வந்துட்டாரு. நல்ல மனுஷன்தான். நான் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிறேன்." ஸ்டூலோடு அவள் பக்கம் திரும்பினான். "அக்கா, ஒண்ணு கேக்கலாமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"அண்ணன் போறப்ப பயந்தாரா?"

அவன் கண்களை அப்போதுதான் ராகினி சரியாகப் பார்த்தாள். இந்த எட்டு நாளும் கண்ணாடியில் தான் பார்த்துக்கொண்டிருந்த அதே கண்கள். ஆறுதலுக்கு ஏதாவது சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அவன் நான்கு வருஷம் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவன். தன் முறையை நினைத்துக் கேட்கிற கேள்வி அது. பொய் சொல்ல மனம் வரவில்லை.

"கோவமா இருந்தாரு" என்றாள்.

"யார் மேல?"

"என் மேலதான். தண்ணி கேட்டாரு. நான் குடுக்கல. ஜெயில் வார்டன்னு சொன்னாரு. நான் வாய மூடுங்கன்னு சொல்லிட்டுத் துணி காயப் போடப் போயிட்டேன். வந்து பாக்குறேன்..."

மைக்கேல் அவளை உற்றுப் பார்த்தான். பிறகு அவன் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. நெஞ்சுக்குள் எதையோ இறக்கி வைத்தவன் போல நீளமாக மூச்சு விட்டான்.

"அப்ப பயப்படல."

"என்ன?"

"பயந்தவன் பொண்டாட்டி கைய இல்ல புடிச்சிக்குவான். வார்டன்னா சொல்லிக்கிட்டு இருப்பான்? பதினோரு மணிக்கு ஐஸு வரும்னு நெனச்சிக்கிட்டே உக்காந்திருந்திருக்காரு, அக்கா. அவ்வளவுதான்." முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நான் எலைன என்னென்ன சொல்லுவேன் தெரியுமா? கோயில்ல பாவசங்கீர்த்தனத்துலகூட அதச் சொல்ல மாட்டேன், ஃபாதர் எந்திரிச்சுப் போயிடுவாரு. அதெல்லாம் தொண்டை காயறப்ப வர்ற பேச்சு. தொண்டையோட போயிடும். நெஞ்சுக்கு எறங்காது."

ராகினி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஹாலில் கமலவேணி சாம்பிராணிக்குக் கங்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"உங்க கோயில்ல என்ன சொல்றாங்க மைக்கேல்? போனவங்களுக்குத் தாகம் இருக்குமா?"

"எனக்குத் தெரியாதுக்கா." அவன் வறண்ட உதட்டை நாக்கால் தடவினான். "எனக்கு இருக்குது."

அவள் திடுக்கிட்டாள். வீட்டுக்கு வந்தவனுக்கு ஒரு வாய் எதுவும் கொடுக்கவில்லை. நான்கு வருஷப் பழக்கத்தில் கேள்வி தானாக வந்தது. "இன்னிக்கி எவ்வளவு ஆச்சு?"

"முந்நூத்தி அம்பது."

ஐஸ் பெட்டியின் எதிரில் போய் நின்றாள். மேல் கதவின் பிடி சில்லென்றிருந்தது. 'முருகா' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு திறந்தாள். தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. காலியாக இருந்த குழியில் பனி படிந்து வெள்ளையாகியிருந்தது. முறுக்கியபோது அதே சத்தம். ஒரு கட்டியைக் கிண்ணத்தில் போட்டு அவனிடம் கொடுத்தாள். அவன் அதை வாயில் ஒதுக்கிக்கொண்டு கண்களை மூடினான். ஹரிதாஸும் அப்படித்தான் கண்ணை மூடுவார்.

வாய் நிறைய ஐஸோடு பதில் பேச முடியாதவனிடம் சொல்வது சுலபமாக இருந்தது. "படத்துக்கு முன்னால வெச்ச தண்ணிய நேத்து நான் மூடி வெச்சிட்டேன் மைக்கேல். குறையுதா இல்லையான்னு பாக்குறதுக்கு. அவரு வந்து பாத்திருந்தா..."

அவன் கண்ணைத் திறந்தான். வியப்போ கண்டனமோ அதில் இல்லை. ஐஸ் கரையும்வரை அவசரப்படாமல் இருந்தான். அவளும் காத்திருந்தாள்.

"இன்னிக்கித் தொறந்து வைங்க" என்றான்.

கமலவேணி கூப்பிட்டாள். வெளியில் வெயில் இறங்கிவிட்டது. பவன் தேங்காய் உடைத்தான், கற்பூரம் காட்டினான். எல்லோரும் விழுந்து கும்பிட்டு எழுந்ததும், ராகினி அடுப்படிக்குப் போய் இன்னொரு கட்டியை உள்ளங்கையில் கொண்டுவந்து கிளாஸில் போட்டாள். அது ஒரு முறை அமிழ்ந்து மேலே வந்து மிதந்தது. கமலவேணி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கற்பூரத் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

கதவைச் சாத்திவிட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் நான்கு பேரும் நின்றார்கள். பக்கத்துத் தெருவில் ஐஸ்கிரீம்காரனின் மோட்டார் மணியடித்துக்கொண்டு போனது. அது ஓய்ந்த பிறகு உள்ளேயிருந்து ஒரு சின்னச் சத்தம் கேட்டது. கண்ணாடியில் எதுவோ மெல்ல இடித்த சத்தம்.

கமலவேணி ராகினியின் கையைப் பற்றினாள். "கேட்டிச்சா?"

"ஐஸு அத்தை" என்றான் பவன். ஆனால் அவன் குரல் ஒரு பிடி இறங்கியிருந்தது. கதவை மூன்று முறை தட்டித் திறக்க வேண்டியது மகன். அவன் சாவியை வைத்துக்கொண்டு நின்றான், நகரவில்லை. எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்க்கும் பெரிய ஆள், பத்து வயதில் இருட்டு அறைக்கு வெளியே நின்றது போலவே நின்றான்.

ராகினிக்கும் பயம்தான். அந்தப் பயத்தோடேயே மகனின் கையிலிருந்து சாவியை வாங்கினாள். "நான் தொறக்குறேன். நீ என் பின்னால வா."

மூன்று தடவை தட்டினாள். வழக்கமாக அவர் குளித்துக்கொண்டிருக்கும்போது குளியலறைக் கதவைத் தட்டுவது போல, கொஞ்சம் பொறுத்துப் பொறுத்துத் தட்டினாள். திறந்தாள்.

சாம்பிராணிப் புகை கலைந்திருந்தது. கமலவேணி குனிந்து மாவைப் பார்த்து, "இதோ, இது பெருவிரலு மாதிரி இல்ல?" என்றாள். பவன் அருகில் போய்ப் பார்த்து, பல்லி என்று சொல்ல வந்து, சொல்லாமல் நின்றான். ராகினி மாவைப் பார்க்கவில்லை. கிளாஸைப் பார்த்தாள். ஐஸ் கட்டி இல்லை. கிளாஸின் வெளிப்புறம் வியர்த்து, துளி இறங்கி, தரையில் ஒரு ஈர வளையம் போட்டிருந்தது. மார்க்கர் கோட்டில் பாதி அழிந்துவிட்டது. முந்தானையால் மீதியையும் துடைத்தாள்.

மைக்கேலுக்கு வெள்ளைச் சோறும் கோபிஸும் போட்டுக் கொடுத்தாள். ஏழு மணிக்கு எலைனின் கார் வந்து நின்றது. செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவனிடம், "நாளைக்கு ஊசி முடிஞ்சி எங்க இருப்பீங்க?" என்று கேட்டாள்.

"பஸ் ஸ்டாப்புலதான் அக்கா. நெழலு இருக்குது."

"அங்க நிக்காதீங்க. இங்க வந்து உக்காருங்க."

அவன் கைகூப்பிவிட்டுப் போனான்.

கமலவேணி இலையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். பவன் மாவைக் கூட்டினான். ராகினி தட்டிலிருந்த ஒன்பது கட்டிகளையும் தொட்டியில் கவிழ்த்தாள். தட்டைக் கழுவி, கோடு போட்ட பாட்டிலை நிரப்பி, பன்னிரண்டு குழிகளிலும் பாதிப் பாதியாக ஊற்றி, சிந்தாமல் ஏந்திப் போய் ஐஸ் பெட்டியின் மேல் தட்டில் வைத்து மூடினாள்.

பாட்டிலில் மீதி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து, அவருடைய நாற்காலியில், படத்துக்கு நேர் எதிரில் உட்கார்ந்தாள். வெடித்த உதட்டில் பட்டதும் தண்ணீர் எரிந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு வாயாக, கடைசிக் கோடு வரைக்கும் குடித்தாள்.